விட்ட இடம்

"முடிச்சிட்டேன் அக்கா. இனியாவது பதில் சொல்லுங்க," என்றார் தாணுமாலயன்.

சத்தி அக்கா கொடியில் ஹெட்போன் பஞ்சுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் அலசிய கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப்.

"எந்தப் பதில் அண்ணாச்சி?"

தாணுமாலயனின் முகம் வாடியது.

பண்பொழிக்குப் பக்கத்தில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த வீடு. ஊர் அதைக் கேள்வி மடம் என்றது. பெயரை நம்பிக் கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. சத்தி அக்கா அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்பார். பிறகு பதில் சொல்லாமல் ஒரு ஹெட்போனைக் கையில் கொடுப்பார்.

ஒருவருக்கு நாதஸ்வரம். ஒருவருக்கு யாரோ நிதானமாக வாசித்துப் பதிவு செய்த ஒரு நாவல். ஒருவருக்கு ஓட்டுக்கூரையில் பெய்யும் மழை.

கேட்டு முடித்தவர்களில் பலர் கொண்டுவந்த கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் வேறு கேள்வியோடு திரும்பி வந்தார்கள். ஊருக்குப் போன பிறகும் போனிலேயே தொடர்ந்து கேட்கலாம். மடத்துக் கணினியிலிருந்து அவர்களுக்குப் பாட்டும் கதையும் போய்க்கொண்டிருக்கும்.

எண்பது வயதுக்காரர்களும் அவரை அக்கா என்றுதான் அழைத்தார்கள். தாணுமாலயன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் இவரை அக்கா என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். உங்களில் யார்தான் மூத்தவர் என்று தபால்காரர் ஒருநாள் கேட்டபோது, அதைத் தீர்க்கத்தான் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அக்கா சொன்னார்.

தாணுமாலயன் அங்கே முதன்முதலில் வந்தபோது ஒரு கேள்வி கொண்டுவந்திருந்தார்.

"என் மகன் என்னோட பேசமாட்டேங்கான் அக்கா. போன் பண்ணினா எடுப்பான். நான் பேசுவேன். 'ம்'ம்பான். பேசி முடிச்சதும் வச்சிருவான். அவன் பேசணும்னா நான் என்ன செய்யணும்?"

"கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"கேட்காம இருப்பேனா? ஏன் பேசமாட்டேங்கேன்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. எவ்வளவோ எடுத்துச் சொல்லியாச்சு."

அக்கா அவருக்கு ஹெட்போன் கொடுக்கவில்லை. உள் அறைக்கு அழைத்துப் போனார். ஒரு பழைய கணினி. அதற்குள் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள். யார் யாரோ கொடுத்தவை. ஒன்றின் பெயர் 'பாட்டு'. அடுத்ததன் பெயர் 'பாட்டு புதுசு'. அதற்கடுத்தது 'பாட்டு புதுசு நல்லது'.

"இதைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுங்க," என்றார்.

தாணுமாலயன் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே வேலை பார்த்தவர். ஒழுங்கு பண்ணுவது அவருக்குக் கை வந்த வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் டேக் போட்டார். பாடியவர், வாசித்தவர், ராகம், மொழி, எந்த மனநிலைக்கு ஏற்றது. கடைசிப் பதிவுக்கும் டேக் போட்டு முடிக்கும் நாளில் பதில் கிடைக்கும் என்று நம்பினார்.

யாரும் அவருக்கு அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வருடங்கள் போயின. பழைய மென்பொருளை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டார்கள். ஒருநாள் அது திறந்தது, மறுநாள் திறக்கவில்லை. தாணுமாலயன் புதிய மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, எல்லாப் பதிவுகளையும் அவற்றின் டேக்குகளோடு அதற்குள் குடியேற்றினார். ஊண் உறக்கம் பார்க்கவில்லை.

அன்று காலை அது முடிந்திருந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். எல்லாப் பெயர்களும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

"இது என்ன டிக்கு அண்ணாச்சி?"

தாணுமாலயன் குனிந்து பார்த்தார். டிக்குக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது.

கேட்டது.

அவர் அதை இன்னொரு முறை படித்தார்.

பழைய மென்பொருளில் அவரே உருவாக்கிய ஒரு டேக் உண்டு. அதன் பெயர் 'கேட்டவர்'. எந்தப் பதிவை யார் வேண்டுமென்று கேட்டார்களோ அவர்கள் பெயரை அதில் எழுதுவார். பழைய டேக் ஒவ்வொன்றையும் எங்கே வைக்கட்டும் என்று புதிய மென்பொருள் விசாரித்தது. அதன் தமிழ்ப் பட்டியலில் 'கேட்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் யோசிக்கவில்லை. கேட்டவரைக் கொண்டுபோய்க் கேட்டதில் சேர்த்துவிட்டார்.

அந்த மென்பொருளைத் தமிழாக்கிய யாரோ ஒருவர், காதால் கேட்டு முடித்தது என்ற பொருளில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்.

ஆக, யாராவது வேண்டுமென்று கேட்டவை எல்லாம் கேட்டு முடித்தவை ஆகிவிட்டன. முடிந்துபோன கதைக்கு அடையாளம் எதற்கு? எந்தக் கதையை யார் எந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்ற குறிப்பை எல்லாம் மென்பொருள் துடைத்துப் போட்டிருந்தது. பழையதை அழித்துவிடலாமா என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தது. அவர் ஆம் என்று அழுத்தியிருந்தார்.

போன் அடித்தது.

கடையநல்லூரில் ஜாக்கெட் தைக்கும் ஆயிஷா பேகம். தீவுக்குப் போன கணவனைத் தேடிப் படகேறும் ஒரு பெண்ணின் கதையை, தையல் மிஷின் ஓட்டிக்கொண்டே மாதக்கணக்கில் கேட்டு வருகிறவர். காலையில் போட்டால் அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். இவ்வளவு தூரம் கூட வந்த பிறகு இது நியாயமா என்றார்.

தாணுமாலயன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் போச்சு அக்கா. பாட்டு இருக்கு. கதை இருக்கு. விட்ட இடம் போச்சு."

அக்கா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கேட்டாச்சுன்னு போட்டிருக்கு. கேட்டீங்களா?"

"யாரு?"

"நீங்க."

தாணுமாலயன் வாயைத் திறந்தார். ஒவ்வொரு பதிவையும் அவர் திறந்திருக்கிறார். முதல் சில வரிகளைக் கேட்டிருக்கிறார். இது இன்னது என்று தெரிந்ததும் டேக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடிவது?

"ஆரம்பத்தைக் கேட்டேன்," என்றார்.

"ஆரம்பத்தை," என்றார் அக்கா. வெளியே கொடிக்குப் போனார்.

தாணுமாலயன் பின்னாலேயே போனார். என்ன செய்வது என்று கேட்டார்.

"விட்ட இடம் மிஷினுக்குத்தானே மறந்துபோச்சு? விட்டவங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுங்க."

"பண்ணி என்ன சொல்லணும்?"

"எங்க விட்டீங்கன்னு கேளுங்க. அப்புறம் 'ம்' சொல்லுங்க."

"அதுக்கப்புறம்?"

"இன்னொரு 'ம்'."

"நடந்ததை விளக்கிச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"மன்னிப்பாவது கேக்கணும்லா?"

"அதுவும் பேச்சுதான் அண்ணாச்சி."

தாணுமாலயனுக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

"இந்த 'ம்' எனக்கு நல்லாத் தெரியும் அக்கா. என் மகன் இத்தனை வருஷமா எனக்குச் சொல்றது அதைத்தான். அதுல இருந்து தப்பிக்கத்தானே இங்க வந்தேன்."

அக்கா மலைப்பக்கம் பார்த்தார்.

"காத்து வருது. பஞ்சு பறந்துரும். இன்னும் ரெண்டு கிளிப் எடுத்துத் தாங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

முதல் போன் ஆயிஷா பேகத்துக்கு. எங்க விட்டீங்க என்று கேட்டார். அந்த அம்மாள் மூச்செடுப்பதற்குள், பழைய மென்பொருள் என்ன ஆனது, புதியது ஏன் தேவைப்பட்டது, கேட்டவர் எப்படிக் கேட்டது ஆனார் என்று விளக்கத் தொடங்கினார். இது முழுக்க முழுக்கத் தன்னுடைய தவறுமல்ல என்பதையும் சொன்னார். மறுமுனையில் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் நிறுத்தினார். மிஷினும் நின்றது.

"முடிச்சிட்டீங்களா அண்ணாச்சி? எங்க விட்டேன்னு கேட்டீங்க. நான் இன்னும் சொல்லவே இல்லையே."

தாணுமாலயனுக்குக் காது சுட்டது.

"ம்," என்றார்.

ஆயிஷா பேகம் சொன்னார். அந்தப் பெண் படகில் ஒரு காலை வைத்திருந்தாள். மற்றக் கால் கரையில் இருந்தது. படகுக்காரன் ஏறுகிறாயா இல்லையா என்று கேட்டான். அந்த நேரத்தில் ஆயிஷா பேகத்தின் மகள் மாமியார் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். கதையை அங்கே நிறுத்தினார். பிறகு இரண்டு வாரம் கதை கேட்க நேரமில்லை.

மகள் திரும்பிப் போய்விட்டாளா என்று கேட்க தாணுமாலயனுக்கு நாக்கு துறுதுறுத்தது. இப்படிப்பட்ட விஷயங்களில் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் நல்ல யோசனைகள் இருந்தன.

"ம்," என்றார்.

போகமாட்டேன் என்கிறாளாம். போகச் சொல்லித் தானும் வற்புறுத்தவில்லை என்றார் ஆயிஷா பேகம். இருவருமாக உட்கார்ந்து தைக்கிறார்களாம். மீதிக் கதையை மகளோடு சேர்ந்து கேட்பதற்காகத்தான் இன்று போட்டாராம்.

போனை வைத்த பிறகு, அந்தப் பெண் படகில் கால் வைக்கும் இடத்தைத் தேடினார். எத்தனையாவது அத்தியாயம் என்று ஆயிஷா பேகத்துக்குத் தெரியாது. முன்னே தள்ளிப் பார்த்தார், பின்னே இழுத்துப் பார்த்தார். அகப்படவில்லை. வேறு வழியில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கேட்டார்.

இரண்டாம் நாள் மதியம் அவள் படகில் கால் வைத்தாள். தாணுமாலயன் அங்கே அடையாளம் போட்டார். அடுத்து என்ன என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மேலே கேட்கவில்லை. அது ஆயிஷா பேகமும் மகளும் முதலில் கேட்க வேண்டியது என்று தோன்றியது.

அடுத்தவர் செல்லப்பாண்டி. தென்னந்தோப்பு வைத்திருப்பவர். சர்க்கரை நோயில் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது நாதஸ்வரம். கச்சேரி முழுவதும் ஒரே பதிவு.

எந்த ராகத்தில் விட்டார் என்று செல்லப்பாண்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. தவில்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு இருமுவார், அதற்குக் கொஞ்சம் பிறகு என்றார். அந்த இருமல் தனக்குப் பிடிக்கும் என்றார். அவ்வளவு பெரிய கச்சேரியில் அது ஒன்றுதான் தானும் செய்யக்கூடியது.

"ம்," என்றார் தாணுமாலயன்.

பிறகு செல்லப்பாண்டி கண்ணைப் பற்றிப் பேசினார். தேங்காயை இப்போது தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவாராம். மனைவியின் முகம்தான் மங்கலாகிவிட்டதாம். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவள் தினமும் பொட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாளாம். நன்றாக இருக்கிறது என்று இவரும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மதுரையில் ஒரு நல்ல கண் மருத்துவரைத் தாணுமாலயனுக்குத் தெரியும். அவர் பெயர் நாக்கின் நுனிக்கே வந்தது. அதை விழுங்கினார். விழுங்குவது சுலபமாக இல்லை.

"ம்."

மறுமுனையில் செல்லப்பாண்டி ஒரு தேங்காயைத் தட்டுவது கேட்டது. பிறகு, "இன்னைக்கு அவகிட்ட சொல்லிரலாம்னு தோணுது," என்றார்.

"ம்."

"உங்களோட பேசினது நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க நல்லாப் பேசுறீங்க."

போனை வைத்த பிறகும் தாணுமாலயன் அதைக் கையிலேயே வைத்திருந்தார். தான் என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு 'ம்'மும் எங்கே விழுந்தது என்று நினைவுக்கு வந்தது. எதுவும் பொய்யாகச் சொன்னதல்ல.

அப்படியானால் மகன் சொன்ன 'ம்' மட்டும் எப்படிப் பொய்யாக இருந்திருக்கும்?

அந்த எண்ணத்தை அவர் மேலே கொண்டுபோகவில்லை. பயமாக இருந்தது.

போன்கள் தொடர்ந்தன. மழை கேட்டவர்கள், புல்லாங்குழல் கேட்டவர்கள், பயணக் கதை கேட்டவர்கள். யாரும் நிமிடக் கணக்கில் இடம் சொல்லவில்லை. பால் பொங்கிய இடம், மாமனார் தவறிய செய்தி வந்த இடம், பஸ்ஸில் தூங்கிப்போன இடம் என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொன்ன இடத்தையும் தேடி அவர் கேட்டுக்கொண்டே போக வேண்டியிருந்தது.

ஒரு பதிவைக் கேட்கும்போது திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினார். அக்காவிடம் ஓடினார்.

அது ஒரு கிராமத்துப் பெண்ணின் குரல். 'கண்ணே' என்று தொடங்கும். மெல்ல ஆடும். அதற்கு அவர் 'தாலாட்டு' என்று டேக் போட்டிருந்தார். குழந்தை தூங்கவில்லை என்று கேட்ட தாய்மார்களுக்கு அது பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் முதல் நான்கு வரியைத் தாண்டிக் கேட்டார். அது ஒப்பாரி.

"ரெண்டும் தொடங்குறது ஒண்ணுபோல இருக்கு அக்கா. நான் தாலாட்டுன்னு நெனச்சிட்டேன். எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன்."

"பிள்ளைங்க தூங்கிருச்சே," என்றார் அக்கா.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி."

தாணுமாலயன் திரும்பி வந்து உட்கார்ந்தார். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை என்றாரா, நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாரா என்று தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒப்பாரியை முடியும்வரை கேட்டார். இறந்தவன் அவளுடைய மகன். இருபது வயதுக்காரன். அவனைச் சின்னப் பிள்ளையாக நினைத்துத்தான் அவள் கண்ணே என்று தொடங்கியிருந்தாள்.

டேக்கை மாற்றக் கையைக் கொண்டுபோனார். மாற்றவில்லை. அவள் எதைப் பாடினாள் என்று இப்போது அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பச்சை டிக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. விட்ட இடங்கள் திரும்பி வந்தன.

ஒரு மாலையில் அவர் அக்காவிடம் போனார். கொடி காலியாக இருந்தது. காய்ந்த பஞ்சுகளை அக்கா ஹெட்போன்களில் மாட்டிக்கொண்டிருந்தார். தாணுமாலயனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தார்.

"எல்லாரையும் கேட்டாச்சு அக்கா."

அக்கா ஒரு பஞ்சின் விளிம்பை விரலால் உள்ளே தள்ளினார்.

"எல்லாரையுமா?"

தாணுமாலயன் கையிலிருந்த வேலையை முடித்தார். எழுந்து வேலிப்பக்கம் போனார். மலையில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

மகனின் எண்ணை அழுத்தினார். கோயம்புத்தூரில் எங்கோ அது அடித்தது. எப்போதும் இந்த இடைவெளியில் அவர் பேச வேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்வார். படிப்பைப் பாதியில் விட்டதன் விளைவுகள். அம்மாவின் உடல்நிலை. வயது. இன்று வரிசையில் எதுவும் நிற்கவில்லை. மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டு வந்தவன் ஏன் விட்டான் என்பது இன்றுவரை தனக்குத் தெரியாது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

போன் எடுக்கப்பட்டது.

"ம்," என்றான் நீலகண்டன்.

அந்தச் சொல்லை அவர் முதல்முறையாகக் கேட்டார். அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். காத்துக்கொண்டிருந்தான். எப்போதுமே போனை எடுத்திருக்கிறான். அவர் பேசி முடிக்குமுன் ஒருமுறைகூட வைத்ததில்லை.

"மக்கா," என்றார் தாணுமாலயன். "நாம எங்க விட்டோம்?"

மறுமுனையில் ஒரு லாரி ஹாரன். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று அவன் போனைத் தள்ளிப் பிடித்துச் சொல்வது கேட்டது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. சத்தங்கள் அடங்கின.

"வடசேரி பஸ் ஸ்டாண்டுல," என்றான். குரல் அவர் நினைவில் இருந்ததைவிடக் கனத்திருந்தது. "நான் ஒண்ணு சொல்ல வந்தேன்ப்பா. நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. பஸ் வந்துருச்சு."

தாணுமாலயனுக்குள் விளக்கம் எழுந்தது. மன்னிப்பு எழுந்தது. நல்ல யோசனை ஒன்றும் எழுந்தது.

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ம்," என்றார்.